மீன்சுருட்டிக்காரர் பேசிய இருபது நிமிடம்

பெரம்பலூரில் உளப்பகுப்பாய்வு பயிற்சி நடத்தும் டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மனசப் படிக்கிறாங்க சார், எழுதத்தான் வரல. நீங்க கதை எழுதுறவரு, கத்துக் குடுங்க" என்றார். சனிக்கிழமைதோறும் அரியலூரிலிருந்து பஸ் ஏறினேன்.

மாணவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் முன்பு நர்ஸாக இருந்தவர், ஐம்பதை நெருங்கும் அம்மா. மீன்சுருட்டி ஊரிலிருந்து தன்னிடம் பேச வந்த ஒருவரைப் பற்றிப் பெயரில்லாமல் எழுதியதை வாசித்தார். 'முந்திரிக்காடு நனவிலி மனத்தின் குறியீடு. வேலி என்பது தந்தையின் தடை.' டாக்டர் கண்ணை மூடி ரசித்தார்.

"அவரு என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் வேலி போட்டுட்டான், காட்டுக்குப் போக வழியில்லன்னாரு சார்."

"அத எழுதலையே?"

"அது எல்லாருக்கும் புரிஞ்சிடுமே சார்!"

நடந்ததை மட்டும் எழுதி வரச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரே பக்கம் கொண்டுவந்தார். மீன்சுருட்டிக்காரர் இருபது நிமிடம் வேலியைப் பற்றியே பேசியிருக்கிறார். பிறகு, 'அண்ணன் எங்கூடப் பேசி மூணு வருசமாச்சு' என்று சொல்லி அழுதிருக்கிறார். அடுத்த வரி: 'நான் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல நம்ம படிப்பு எங்கம்மா தெரியுது? அந்தக் கடிகாரத்த எடுத்துடுங்க."

"அவரு அழுததும் நான் மணி பாத்ததும்தான் சார் அன்னிக்கு நடந்துச்சு. ஒன்ன மட்டும் எப்படி எடுக்கறது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுத்தாளன் இல்லையா, பேனாவை வாங்கி அழுகைக்கு முன்னால், 'வெளியே மழை தூறத் தொடங்கியது' என்று சேர்த்தேன்.

அந்த அம்மா படித்துப் பார்த்தார். "அன்னிக்கு நல்ல வெயிலுங்க சார்."

மற்ற ஐவரும் சிரித்தார்கள். டாக்டர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். என் மழை வரியை நானே அடித்தேன்.

அந்தப் பக்கம் அப்படியே தேர்வுக்குப் போனது. வெளியூர்த் தேர்வாளர்கள் அவரைத் தேர்ச்சிபெறச் செய்து, கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்கள்: 'நடை மிக எளிமையாக உள்ளது. எழுத்துப் பயிற்சி தேவை.'

அதை என்னிடம் காட்டியபோது அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க பேருதான் சார் கெட்டுப்போச்சு" என்றார்.