கை நடுக்கம் நின்ற நாள்

அன்பான இறைமக்களே, என் புருவத்துத் தழும்பைப் பார்த்து நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இன்று சொல்கிறேன்.

நான் பாலவாக்கத்துக்காரி. சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். போன வருஷம், அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம். போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் அலறல். திரும்பினால், என் வகுப்புப் பெண் திவ்யா பக்கத்துப் பெண்ணின் முடியைப் பிடித்துத் தலையை டெஸ்கில் மோதிக்கொண்டிருந்தாள். குறுக்கே பாய்ந்தேன். அவள் ஓங்கிய ஸ்டீல் பாட்டில் என் முகத்தில் இறங்கியது. கண்ணெல்லாம் ரத்தம்.

தையல் ஆறியது. பயம் ஆறவில்லை. வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தாலும் கை உதறும். பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன். "டீச்சரே இப்படிப் பயந்தா எப்படி?" என்றார்கள். யாரிடம் சொல்லி அழ?

எங்கள் மாதா கோயிலில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அந்தப் பெண்ணை இனி என் கண்ணில் காட்டாதேயும். இந்த நடுக்கத்தை எடுத்துப்போடும்."

முதலில் கேட்டதை அவர் தரவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் புறப்பட்ட காலை அது. திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். நடுவில் திவ்யா. அவள் அப்பா சடையைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தான். முழங்கால் தோல் உரிந்து தொங்கியது. "உங்கம்மா எங்கடி ஓடிப்போனா?" என்று முதுகில் உதைத்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை.

எனக்கும் ஓடிப்போகத்தான் தோன்றியது. ஆனால் நான் ஓடியது அவள் பக்கம். ஆண்டவர் பிடித்துத் தள்ளினார் என்றுதான் சொல்வேன். அவள்மேல் கவிழ்ந்தேன். அடுத்த உதை என் தோளில் விழுந்தது.

"டீச்சர், போய்டுங்க! அது குடிச்சிக்கீது, கொன்னுடும்!" என்று திவ்யா கத்தினாள்.

"என் பொண்ணு, நான் அடிப்பேன். நீ யாரு?"

"நான் அவ டீச்சர்! இன்னொரு தடவ கால தூக்கிப் பாரு!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. அங்கே பூ விற்கும் அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கண்டக்டர்கள் ஓடிவந்து அவனை அமுக்கினார்கள். போலீஸ் வந்து அழைத்துப் போனது. அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை.

திவ்யா என் மடியில் கிடந்து அழுதாள். "அன்னைக்கு கிளாஸ்ல அந்தப் பொண்ணு எங்கம்மாவ அசிங்கமா பேசிட்டா டீச்சர். தெனம் எங்கப்பாவும் அதத்தான் சொல்லிக்கினு அடிக்கும். எனக்கு யார அடிக்கிறோம்னே தெரியல."

அடி தாங்காமல் சித்தி வீட்டுக்கு ஓடியிருந்த அம்மாவோடு இப்போது அவளும் அங்கேயே நிம்மதியாக இருக்கிறாள். அடிபட்ட பெண்ணிடம் அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் பள்ளிக்கு வாராவாரம் ஒரு மனநல ஆலோசகர் வருகிறார். பிள்ளைகளுக்கு மட்டும் போதாது, டீச்சர்களுக்கும் வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சண்டை போட்டேன். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து அழுததும் நான்தான்.

வகுப்புக்குள் நுழையப் பயப்படும் ஆசிரியர்களே, வீட்டுக்குப் போகப் பயப்படும் பிள்ளைகளே, ஆண்டவரிடம் அழுங்கள். ஒரு மனுஷரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் யாரை அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. எனக்கு, என்னை அடித்த பிள்ளையையே அனுப்பினார். அவருக்கே நன்றி.