வேலிக்கு வெளியே புதைத்த பிள்ளை

இருபது வருஷமாக எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். ஆதாம் ஏவாள் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாத்தான் பேச்சைக் கேட்டு விலக்கிய கனியைத் தின்றதில் பாவம் வந்தது, அதிலிருந்து பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் ஜென்மப் பாவம், அதைக் கழுவ ஞானஸ்நானம். ஒருமுறை ஒரு சிறுமி, “அப்போ சாத்தானக் கெடுத்தது யாருங்க டீச்சர்?” என்றாள். யாரும் கெடுக்கவில்லை, கர்வத்தால் தானே கெட்டான் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. முட்டி போட வைத்தேன்.

என் தம்பி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் இந்துக் குடியானவர் வீட்டுப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். பங்குச் சாமியார் மேலிடத்தில் அனுமதி வாங்கிக் கோயிலில் நடத்திவைத்தார். அவள் மட்டும் ஞானஸ்நானம் வாங்காமல், “பாக்கலாங்க” என்றே இரண்டு வருஷம் ஓட்டினாள். எனக்கு அவளைப் பிடிக்காது. குழம்பு நன்றாக இருந்தாலும் உப்புக் கூட என்பேன். கேட்பவர்களிடம் அவள் வேறு வேதம் என்று காரணம் சொல்வேன். தம்பி என்னைக் கேட்காமல் கட்டினான் என்பதுதான் நிஜம்.

முதல் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தது. பெண். தர்மபுரியில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். சாமியார் தீர்த்தமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. தம்பி அவரைக் கூட்டிவர வண்டியில் போனான். உள்ளே தாயை மட்டும்தான் விடுவார்கள். அவள் வராந்தாவுக்கு வந்து, தையல் வலியில் சுவரைப் பிடித்தபடி என் முன்னால் நின்றாள்.

“அண்ணி, சாமி வர நேரமாவும் போலருக்குதுங்க. நானே தண்ணி ஊத்தட்டுங்களா? என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க.”

சொல்லிக் கொடுக்க அரை நிமிஷம் போதும். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு எவரும் கொடுக்கலாம். ஞானஸ்நானம் வாங்காதவர்கூட, திருச்சபை நினைக்கிறதையே நினைத்துச் செய்தால் செல்லும். வருஷா வருஷம் பிள்ளைகளை இதை ஒப்பிக்க வைக்கிறவள் நான்.

“நீயே வாங்கல, நீ எப்படிக் குடுப்ப? உன் கையால ஊத்துனா செல்லாது.”

சொல்லும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

“மூணு நாள் புள்ளைங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?”

“அது பண்ணல. வரும்போதே கொண்டாந்தது.”

அவள் உள்ளே போனாள். தம்பி சாமியாரோடு வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

சாமியார் நல்ல மனிதர். “கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே அடக்கம் பண்ணுங்க. ஆண்டவர் இரக்கத்துல ஒப்படைப்போம். காலைல நான் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தம்பியிடம், பெரியவர்கள் வைத்த வழக்கத்தை மீறினால் ஊர் சிரிக்கும் என்றேன். பொழுது சாய்வதற்குள் முள்கம்பி வேலிக்கு வெளியே, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளையும் தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் அந்தக் காலத்தில் புதைத்த இடத்தில் குழி வெட்டினான். மறுநாள் சாமியார் சத்தம் போட்டார். “தோண்டி எடுக்கச் சொல்றீங்களா சாமி?” என்றேன்.

கல்லறைத் திருநாளன்று நாங்கள் உள்ளே செண்டுமல்லி போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். அவள் வெளியே முள்ளுக்குள் குனிந்திருந்தாள். தம்பிகூட அவளோடு போகவில்லை.

மறுபடி உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் என் வீட்டுக்கு வந்தாள்.

“எனக்கும் பாடம் சொல்லிக் குடுங்க அண்ணி. நான் ஞானஸ்நானம் வாங்கிக்கறேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என் கை செல்லணும்.”

பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்த வருஷம் புத்தகம் புது அச்சில் வந்திருந்தது. ஞானஸ்நானப் பாடத்தைத் தள்ளிவிட நினைத்திருந்தேன். ஆளுக்கொரு கேள்வியாகப் படித்துக்கொண்டே வந்த பிள்ளைகள் நான் நிறுத்துவதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். வரிசைப்படி அது அவளுக்கு விழுந்தது.

சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம் என்ற கேள்வியை விரல் வைத்துப் படித்தாள். யார் வேண்டுமானாலும், ஞானஸ்நானம் பெறாதவரும்கூட, என்ற பதிலையும் படித்தாள். பிறகு வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை படித்தாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

“அண்ணி, இது புதுசா மாத்துனதுங்களா?”

“ஆமா. இப்பத்தான் மாத்துனாங்க.”

நம்பிவிட்டாள். புத்தகத்தை மூடி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் முன்னாடியே மாத்தியிருக்கலாங்க” என்றாள்.