ஆட்சி கவிழ்ந்த அன்று கிளறிய புளிச்சோறு

ஆட்சி மாறினால் மற்றவர்கள் பட்டாசு வெடிப்பார்கள். நான் புளிச்சோறு கிளறுவேன். சிரிக்காதீர்கள், ரங்கூனில் பிடித்த பழக்கம் அது. பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்து, கடை போய், வீடு போய், நானும் கணவரும் ஒரே ஒரு தகரப் பெட்டியோடு கப்பல் ஏறியபோது வழியில் கெடாமல் இருந்தது அந்தச் சோறு ஒன்றுதான். கும்மிடிப்பூண்டிக்கு வந்து, அவருக்கு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும் பெட்டியை நான் முழுதாகக் காலி செய்யவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். குழாயடியில் நாங்கள் நாடுகளை ஒப்பிடாத நாளே கிடையாது.

“எங்க ஊர்ல துப்பாக்கியால மாத்துனாங்க” என்பேன்.

“எங்க ஊர்ல ஓட்டுப் போட்டுத்தான் மாத்துவாங்க. அந்த ஓட்டுத்தான் எங்களுக்கு இல்ல” என்பாள்.

எது மோசம் என்று முடிவாவதற்குள் குடம் நிரம்பிவிடும்.

பிறகு இங்கேயே நெருக்கடி நிலை வந்தது. டீக்கடையில் பேச்சு குறைந்தது. வேலைக்குப் போகிற ரயிலில் கணவர் வாயே திறப்பதில்லை. ரங்கூனிலும் முதலில் மூடியது வாய்தான். எழுபத்தேழில் தேர்தல் வந்ததும், வம்பே வேண்டாமென்று டில்லியை ஆண்டவர்களுக்கே ஓட்டுக் குத்திவிட்டு வந்தோம்.

அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்று ஒரு காலையில் ரேடியோ சொன்னது. கணவர் அதை அணைத்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். தோற்றவர்களுக்குக் குத்திய எங்களை இனி யார் விட்டுவைப்பார்கள்? நான் புளியைக் கரைத்தேன். பக்கத்து வீட்டிலும் பாத்திரம் மூட்டை கட்டுகிற சத்தம். எந்த நாட்டுக்குப் போவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அப்போது பழவேற்காட்டிலிருந்து இறால் கொண்டுவரும் அம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள்.

“இன்னாக்கா, மூட்ட கட்டிக்கினு எங்க கெளம்பிட்ட?”

சொன்னேன். யாருக்குக் குத்தினோம் என்பதையும் குரலைத் தணித்துச் சொன்னேன். அவள் தெருவே கேட்கச் சிரித்தாள்.

“நானுந்தான் தோத்தவங்களுக்குப் போட்டேன். அதுக்கு இன்னா இப்போ? தோத்தவங்களே அவங்க ஊட்ல குந்திக்கினு கீறாங்க. நீ இன்னாத்துக்கு ஊர வுட்டுப் போற? இறால் வேணுமா வேணாமா, அத்த சொல்லு!”

நடுத்தெருவில், அவ்வளவு சத்தமாக! யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய அழுகை அது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கணவர் மெல்ல எழுந்து, “ஷிப்டுக்கு நேரமாச்சு” என்றார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஆளுக்குக் கொஞ்சம் இறால் வாங்கிக்கொண்டோம்.

வழிக்கென்று கிளறிய சோறு கம்பெனி வரைக்கும்தான் போயிற்று. சாயங்காலம் காலித் தூக்கோடு அவர் வீட்டுக்கே திரும்பி வந்தார்.