குழாயைத் திறந்துவிட்டு

எங்கள் அக்காவுக்கு அவசர உதவி எண்ணில் போன் எடுக்கிற வேலை. வீட்டில் தீப்பிடித்தாலும் சரி, யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் சரி, ஜனங்கள் முதலில் கத்துவது அவள் காதில்தான். சேர்ந்த புதிதில் காலையில் எழுந்ததுமே கை நடுங்கும். டாக்டர் சொல்லித்தான் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தாள். வேர்க்க விறுவிறுக்க ஓடிவிட்டுப் போனால், அன்றைக்கு எவர் கத்தினாலும் பதறாமல் முகவரி கேட்டு வாங்கிவிடுவாள்.

அவள் ஓடப் போனால் வீட்டை யார் பார்ப்பது? மாமாதான். மகளை எழுப்புவது, தலை பின்னுவது, சாப்பாடு கட்டுவது எல்லாம் அவர் பாடு. இருவரும் வேலைக்குக் கிளம்புவது ஒரே நேரம்; காலையில் ஒருவர் ஓடத்தான் பொழுது இருக்கும். அவருக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கவுண்டர். "உங்களுக்கென்ன மாமா, உக்காந்த இடத்துல சம்பளம்" என்று கிண்டல் செய்வேன். அக்கா சிரிப்பாள். அவரும் சிரிப்பார், வாயில்லாப் பூச்சி.

ஒருநாள் பாதி ஓட்டத்தில் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. சீக்கிரமே வீடு திரும்பினாள். மகள் ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குளியலறையில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா எங்கடி?"

"வாந்தி எடுக்கறாரு. தினமும் ஆபீசுக்கு முன்னாடி எடுப்பாரே. சத்தம் கேக்காம இருக்கக் குழாயத் திறந்து விடுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

கதவு திறந்தது. தாழ்ப்பாளில் இருந்த அவர் கை நடுங்கியது. அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன, கால்ல அடிபட்டுடுச்சா?" என்றார்.

முன்பின் தெரியாதவர்களின் மூச்சை வைத்தே ஆபத்தை அறிகிறவள், சொந்த வீட்டில் செவிடாக இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"நாளைலேருந்து நீங்க ஓடுங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

மறுநாள் அவர் ஓடினார். முகம் சிவந்து வந்து, நான்கு வாய் கூடவே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு, தன் அப்பா மயங்கிக் கிடக்கிறார் என்று போனில் அழுத ஒரு பெண்ணிடம் அக்கா முகவரியை இரண்டாம் முறை கேட்டாள். "இப்பத்தானே சொன்னேன்!" என்று அவள் அலறினாள். ஆள் பிழைத்துவிட்டார். அக்காவுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

நான் வெளியூரில் இருக்கிறேன், போனில் யோசனை மட்டும் சொல்லலாம். "ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்களேன்."

"ஓடாத நாள்ல யாரும் மயங்கி விழ மாட்டாங்களா?" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் மாமா அவளுடைய ஷூவைத் தைத்து வாங்கி வந்து வாசலில் வைத்தார். "என்னைத் திட்டத்தான் போறாங்க, யாரும் சாகப் போறதில்ல. நீ போ."

போனாள். இப்போதும் போகிறாள். திரும்பி வரும்போது குழாய்ச் சத்தம் கேட்கும். துண்டை எடுத்துக்கொண்டு கதவருகே காத்து நிற்பாள். அவள் கை மட்டும் கொஞ்சமும் நடுங்காதாம். அதைச் சொல்லித்தான் என்னிடம் அழுகிறாள்.