பாலைவனம் எந்தப் பக்கம்?

“கண்ணைக் கட்டி இந்தக் கல்கத்தாவுல எந்தச் சந்துல கொண்டுபோய் விட்டாலும் சரி, வடக்கு எதுன்னு ஒருத்தரையும் வாய்விட்டுக் கேக்க மாட்டேன். என் இடது தோளே சொல்லும்!”

கிளைவ் தெரு சணல் கம்பெனித் தலைமை குமாஸ்தா மஹாதேவய்யர் இப்படி முழங்கியபோது யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்குவார். தினமும் கிழக்கே பார்த்து ஜபம் செய்கிறவருக்கு இடப்பக்கம் வடக்கு, வலப்பக்கம் தெற்கு. தக்ஷிணம் என்றால் தெற்கு. தக்ஷிணம் என்றால் வலதும்தான். இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்த பாஷை பொய் சொல்லுமா?

கல்கத்தாவின் தம்தம் விமான நிலையத்திலிருந்து கராச்சிக்கு விமானம் பறக்கத் தொடங்கிய புதிது. கப்பல்காரர்களைப் பார்க்கக் கராச்சி போகவிருந்த துரைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பலாக்காய் ஆகிவிட்டது. பதிலுக்கு ஐயர் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வழியில் மார்வார் பாலைவனம் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்தது காவிரிக்கரை, பிழைப்பது கங்கைக்கரை. காய்ந்த நிலத்தை அவர் கண்டதே கிடையாது. பொன்னுக்கு வீங்கி ஒருவருக்கு ஒரு தடவைதான் வரும். ஆகவே இந்தத் தடவை பார்த்தால் உண்டு.

அட்லாஸை விரித்தார். மணலெல்லாம் விமானம் போகும் கோட்டுக்கு வடக்கே கிடந்தது. டாக்குரியாவில் இருந்த தன் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டுப் பலகைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, இடது வரிசையில் அமர்ந்து, சுவரைப் பாலைவனமாகப் பாவித்து ரசித்தார்.

மனைவி நாகலக்ஷ்மி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “ஏன்னா, ப்ளேன் மேற்கேன்னா போறது? பலகை கிழக்கே பாத்துன்னா கிடக்கு?”

“அது எங்கே போனா என்னடி? வடக்கு எழுந்து நடந்துபோயிடுமா?”

“நடக்காது. நீங்கதான் திரும்பி உக்காந்துண்டு போகப்போறேள்.”

“ரசம் பொங்கறது, போய்ப் பாரு.”

ரசம் பொங்கவில்லை. இருந்தாலும் அவள் போய்விட்டாள்.

தம்தமில் சீட்டுக் கொடுத்த வங்காளி பாபுவிடம், “இடது பக்கம் ஜன்னல், தாதா! மத்ததை யாருக்கு வேணாலும் குடுங்கோ” என்று தாராளம் காட்டினார்.

இரவு வழியில் தங்கி, மறுநாள் ஜோத்பூர் தாண்டியதும் விஷயம் விளங்கத் தொடங்கியது. இடப்பக்கம் வெயில் கன்னத்தைச் சுட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தவரை முள்புதர்தான். மேற்கே பறக்கிற விமானத்தில் வடக்கு வலப்பக்கம் வருமென்பது ஐயருக்கு நடுவானத்தில் உதித்தது. வலப்பக்கத்து ஜன்னலிலோ படாபஜாரில் கடை வைத்திருந்த மார்வாரி சேட் ஒருவர் திரையை இழுத்து மூடியிருந்தார்.

“சேட்ஜி, அந்தப் பக்கம் என்ன தெரியறது?” ஐயர் ஹிந்தியில் கத்தினார். எஞ்சின் சத்தம் அப்படி.

“என்ன தெரியும்? மணல்! பிறந்ததிலிருந்து ரொட்டியில், செருப்பில், கண்ணில் எல்லாம் அதுதான். அதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினேன்?” என்று சொல்லிவிட்டு சேட் தூங்கிப் போனார்.

திரையைத் திறக்கச் சொல்லலாம். சொன்னால், தப்பான பக்கம் உட்கார்ந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். ஐயர் கராச்சி வரை முள்புதர்களை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டு போனார்.

வேலை முடிந்தது. திரும்புகிற காலை, கராச்சியில் சீட்டுக் கொடுக்கும் மேஜைக்காரர் எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்று கேட்டார். போகும்போது இடது ஏமாற்றியதால் இனி வலதுதான் என்பது ஐயரின் கட்சி. ‘வ’ என்று உதடு கூடிவிட்டது. அங்கேயே நிறுத்தினார். பலகைகள் கிடந்த திசையை யோசித்தார். விமானம் போகும் திசையை யோசித்தார். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பின்னால் தமிழ் முகம் ஏதாவது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். இல்லை.

மேஜைமேல் குனிந்து, சந்நிதியில் அர்ச்சகர் காதில் நக்ஷத்திரம் சொல்கிற குரலில் கேட்டார்: “பாயி சாஹேப், கல்கத்தா போகையில் வடக்கு எந்தப் பக்கம் வரும்?”