எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் கல்யாணி

கல்யாணியைப் பாராட்ட நினைத்தவர்கள் எல்லோரும் தூரத்தைத்தான் சொன்னார்கள். "யூ ஹாவ் கம் எ லாங் வே" என்றார் ஆங்கில வகுப்பு டீச்சர். குழந்தைகள் பகல்நேரக் காப்பகத்தில் வேலை பார்ப்பதற்கான படிப்பை முடித்தபோது மெல்பர்னில் இருக்கும் மகன் பிரதீப்குமாரும் அதையே சொன்னான். நெடுந்தூரம் வந்துவிட்டாளாம். கோயம்புத்தூரில் என்றால் 'தேறிட்டா' என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இங்கே வந்த தூரத்தைச் சொன்ன கையோடு போக வேண்டிய தூரத்தையும் சொல்லிவிடுகிறார்கள்.

சிட்னிப் புறநகரான கெல்லிவில்லில் அத்தனை பெரிய வீட்டில் அவள் தனி. கணவர் கௌரிசங்கருக்குப் பெர்த்தில் ஒப்பந்த வேலை. வந்தால் இரண்டு நாள், அதிலும் பாதி தூக்கம். சில வாரங்களில் அவள் வாயைத் திறப்பதே கூரியர்காரருக்குத் 'தேங்க்யூ' சொல்லத்தான். அதனால்தான் ஒரு காப்பகத்தில் வந்த வேலைக்கு அவ்வளவு ஆசைப்பட்டாள். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்க ஆள் வேண்டும். அந்நேரத்துக்கு அவள் தெருப்பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் வாங்கினால் வேலை அவளுக்கு.

"இப்ப கார் நல்லா ஓடுறீங்கள் அக்கா. எவ்வளவு தூரம் வந்திட்டீங்கள்! ஒண்டு மட்டும், கோயம்புத்தூரை இறக்கி வைச்சிட்டு ஏறுங்கோ" என்றார் கார் பழக்கிய யாழ்ப்பாணத்துச் சச்சிதானந்தன்.

"இறக்கியாச்சுங்க."

இறங்கவில்லை. டெஸ்டில், இருபுறமும் கார்கள் நின்ற குறுகலான தெருவில் எதிரே ஒரு வெள்ளை வண்டி வந்தது. அவள் கை தானாக ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தது. 'நான் வர்றேன், நில்லு.' கோயம்புத்தூரில் அவள் வண்டி ஓட்டிப் பழகிய அவிநாசி ரோட்டில் அதற்கு அதுதான் பொருள். சிட்னியில் 'நீங்க வாங்க' என்று பொருள். எதிர்வண்டிக்காரி நன்றியாகக் கையை உயர்த்திக்கொண்டு நேரே வந்தாள். "ஸ்டாப்!" என்று கத்தினார் தேர்வாளர். இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்காக நின்றன.

தேர்வாளர் நல்ல மனிதர். நெடுந்தூரம் வந்துவிட்டாய், இன்னும் கொஞ்சம்தான் என்று அவரும் சொல்லிவிட்டுத்தான் ஃபெயில் போட்டார்.

மகனைக் கூப்பிட்டாள். "நியர்லி தேர், அம்மா! மீட்டிங்ல இருக்கேன், சாயங்காலம் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. கணவர், "விடு, உனக்கெதுக்கு அந்நேரத்துல வேலை?" என்றார். 'பேச்சுத்துணைக்குத்தான்' என்று கட்டின புருஷனிடமே எப்படிச் சொல்வது? 'சரிங்க' என்று வைத்துவிட்டாள்.

பிறகு காப்பகத்தை நடத்தும் தர்ஷனாவுக்குப் போன் செய்தாள்.

"லைசென்ஸ் இல்லாட்டி எப்பிடி வருவீங்கள் அன்ரி?"

"நடந்து."

"நடந்தோ? விடியவெள்ளன ஒரு மணித்தியாலமோ?"

"கதவு திறந்திருக்கோணும், அவ்வளவுதானுங்களே? எதுல வந்தேன்னு பிள்ளைங்களா கேக்கப் போகுது?"

தர்ஷனா சிரித்துவிட்டாள். "சரி, திங்கக்கிழமை வாங்கோ. மழை எண்டா எனக்குப் போன்ல ஒரு கோல் எடுங்கோ."

திங்களன்று இருட்டோடு கிளம்பினாள். பாதி வழியில் நடைபாதை தீர்ந்துபோயிற்று. ஈரப்புல்லில் நடந்தாள். அவளைப் பார்த்து ஒரு கார் வேகம் குறைத்தது, பின் போய்விட்டது. கதவைத் திறந்து விளக்குகளைப் போட்டபோது செருப்பெல்லாம் பனி.

முதல் பிள்ளை அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டே வந்தது. கை மாறியபோதும் விழிக்கவில்லை. எழுந்து பேசட்டும் என்று கல்யாணி அதைச் சுமந்தபடி ஜன்னலோரம் நின்றாள்.