முற்றத்தில் கேட்ட இறக்கையொலி

பனிமலையில் சிக்கியோரை மீட்கும் ஹெலிகொப்டர்களுக்குச் சுழலும் இறக்கை வடிவமைப்பது அயல்நாட்டில் என் தொழில். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவாதலால் இறக்கையை அகலமாக்க வேண்டும்.

போர்க்காலத்தில் கோணேசரைத் தரிசிக்கத் திருகோணமலைக்கு வந்து, தங்கை வீட்டில் தங்கினேன். காலையில் பதிகம் ஓதுகையில் துறைமுகப் பக்கமாக ஹெலி இரைந்தது. எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கினர். நானோ இறக்கையின் அகலத்தைப் பார்க்க முற்றத்தில் அண்ணாந்து நின்றேன். தங்கை ஏறிவந்து என் கையைப் பற்றி இழுத்தாள்.

"அண்ணா, உங்களுக்கென்ன விசரே? இது ஆக்களைக் காப்பாத்த வாற ஹெலி இல்லை, சுடுற ஹெலி!"

இருவரும் குழிக்குள் விழுந்ததும் சூடுபட்டு முற்றத்து மண் சிதறியது. அவளுக்குக் காயமில்லை. பதிகத்தைத் தொடர முயன்றேன். அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை.

அயல்நாட்டுக்குத் திரும்பிச் சென்றபின், பனியில் கிடப்பவன் இறக்கையொலி கேட்டு மகிழ்வான் என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் வரையப் பென்சிலை எடுத்தேன்.